ஜெர்மனியிலும் உண்டு கூழும் கீரையும்!

"அங்கே சாப்பிட என்ன டாக்டர் இருக்கு? ரொட்டி, உருளைக்கிழங்கு, அதை விட்டா மாமிசம். மூணு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

அணுபுரத்தை ஒட்டி இருக்கும் என் கிளினிக்கில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த அம்மாள் இப்படிச் சொன்னது 2022 கடைசியில். வயது 58. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. மகள் ஜெர்மனியில் குடியிருக்கிறாள். மகளின் பிரசவத்துக்காகப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

பத்து வருடமாகச் சர்க்கரை. கூடவே கொஞ்சம் ரத்த அழுத்தம். கிளம்பும் முன் என்னிடம் வந்து, "எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?" என்று கேட்டுக்கொண்டுதான் போனார். அப்போது நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வெளியில எதையும் தொடாதீங்கம்மா. அரிசி, பருப்பு, ரவை, ஊறுகாய் எல்லாம் இங்கேருந்தே எடுத்துட்டுப் போயிடுங்க. நம்ம சாப்பாடு நம்ம கையில இருந்தா பயமில்லை."

அந்த அம்மாள் என் பேச்சை அப்படியே கேட்டார். காலையில் ரவை உப்புமா, மதியம் வெள்ளைச் சோறு, ராத்திரியும் வெள்ளைச் சோறு. தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அப்பளமும். கொண்டுபோனது தீர்ந்ததும் பாக்கெட் நூடுல்ஸ். நம்ம கீரை கிடைக்கவில்லை என்பதால் கீரையே இல்லை. குளிருக்குப் பயந்து நடையும் இல்லை.

விளைவு? மலச்சிக்கல், கால் வீக்கம், ஏறிப்போன சர்க்கரை. அவருடைய சர்க்கரை நோய் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

தப்பு அந்த அம்மாள் மேல் இல்லை. என் மேல்! நான் பார்த்தே இராத ஒரு மண்ணைப் பற்றி, 'அங்கே நல்லது எதுவும் விளையாது' என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மறு வருடம், 2023 மே மாதம், எனக்கே அந்த ஊருக்குப் போகும் வாய்ப்பு வந்தது. மகன் கார்ல்ஸ்ரூவே நகரில் படிக்கிறான். போய் இறங்கினதும் என் சூட்கேஸைத் திறந்து பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அப்பா, அந்தந்த மண்ணுல, அந்தந்தப் பருவத்துல விளையறதைச் சாப்பிடுங்கன்னு பேஷண்ட்டுக்கெல்லாம் சொல்வீங்களே... உங்களுக்கு மட்டும் விதிவிலக்கா?"

சுருக்கென்றது. சூட்கேஸை மூடி வைத்தேன். மூன்று வாரம் ஊர் ஊராகப் போய், அந்த மண்ணின் சாப்பாடு என்ன என்று ஒரு மாணவனைப் போலப் பார்த்தேன். நான் சைவம். அதனால் நான் சாப்பிட்டுப் பார்த்ததும் சைவ வகைகள்தான். உங்கள் பிள்ளைகளைப் பார்க்க நீங்களும் கிளம்புவீர்கள் அல்லவா? அதற்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாடு, பல சமையல்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று நிலமும் பொழுதும். நோயாளியின் நாடி மட்டும் போதாது, அவர் எந்த நிலத்துக்காரர், இது எந்தப் பருவம் என்றும் பார்க்க வேண்டும். மலை, காடு, வயல், கடற்கரை என்று நிலம் மாறினால் உடம்பில் வாத, பித்த, கபத்தின் போக்கும் மாறும், உணவும் மாறவேண்டும்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அணுபுரத்திலிருந்து கிழக்கே போனால் சதுரங்கப்பட்டினம். அங்கே மீனும் கருவாடும்தான் தினப்படி சாப்பாடு. மேற்கே திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் கேழ்வரகுக் கூழ், கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு. நடுவில் சில கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் சாப்பாடு வேறு!

ஜெர்மனியும் அப்படித்தான். சின்னச் சின்ன ராஜ்ஜியங்களாக இருந்த பகுதிகள் 1871-ல்தான் ஒரே நாடாகச் சேர்ந்தன. வடக்கே கடல், தெற்கே ஆல்ப்ஸ் மலை, நடுவே காடும் சமவெளியும். வடகடலோரத்தில் உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பாலாடைக்கட்டி, தென்மேற்கில் பருப்பு, கிழக்கில் ஆளிவிதை எண்ணெய்! 'ஜெர்மன் சாப்பாடு' என்று ஒரே சாப்பாடு கிடையாது. 'இந்தியச் சாப்பாடு' என்று ஒன்று இல்லாத மாதிரிதான்.

ஏழு கீரையில் ஒரு சட்னி

முதலில் ஃபிராங்க்ஃபர்ட். விமானம் வந்து இறங்குகிற ஊர் என்றுதான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். அந்த ஊரின் அடையாளமே ஒரு கீரைச் சட்னி என்றால் நம்புவீர்களா?

'க்ரூனே சோஸே', அதாவது பச்சைச் சட்னி. இதற்கு ஏழு வகைப் பச்சிலை வேண்டும். பார்ஸ்லி, சைவ்ஸ் என்கிற மெல்லிய வெங்காயத்தாள், செர்வில், போரேஜ், கிரெஸ், பிம்பினெல், சாரல். ஏழையும் ஒன்றாகக் காகிதத்தில் சுருட்டிக் கட்டாகவே விற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொடியாக நறுக்கி, புளித்த தயிர் அல்லது பாலேட்டில் கலந்துவிட்டால் சட்னி தயார். அடுப்பே வேண்டாம்! அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் துணை. முட்டை சாப்பிடாதவர்கள் உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமைக்கு அவர்கள் மொழியில் 'பச்சை வியாழன்' என்று பெயர். அன்றைக்கு இது பல வீடுகளில் கட்டாயம். குளிர்காலம் முழுக்க உப்பில் போட்டதையும் காய வைத்ததையும் சாப்பிட்ட உடம்புக்கு, வசந்தத்தில் முளைக்கும் முதல் இலையைக் கொடுக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் பருவம் மாறும்போது கீரையும் கஷாயமும் கொடுத்தது இதே புத்திதானே! 2016-லிருந்து இந்த ஏழு இலைக் கட்டுக்கு ஐரோப்பாவில் புவிசார் குறியீடும் இருக்கிறது.

அந்த ஏழில் 'சாரல்' இலையை வாயில் போட்டதும் எனக்கு ஒரே ஆச்சரியம். நம் சுக்காங்கீரையின் அதே புளிப்பு! இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள். ஆகவே சுக்காங்கீரைக்குச் சொல்லும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆக்சாலிக் அமிலம் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தண்ணீர்விட்டானின் தம்பி!

கார்ல்ஸ்ரூவேக்குக் கொஞ்சம் வடக்கே ஷ்வெட்ஸிங்கன் என்று ஓர் ஊர். மே மாதத்தில் அங்கே எங்கே திரும்பினாலும் வெள்ளை வெளேரென்று விரல் தடிமனில் தண்டுகள் குவித்து வைத்து விற்கிறார்கள். 'ஷ்பார்கல்' என்று பெயர். நம் ஊர் ஹோட்டல்களில் அஸ்பராகஸ் என்று பச்சையாகக் கிடைக்கிறதே, அதே செடிதான். முளைவிடும் தண்டின் மேல் மண்ணைக் குவித்து மூடி, வெயில் படாமல் வளர்ப்பதால் இது வெள்ளையாக இருக்கிறது. இந்த ஊரில் 17-ம் நூற்றாண்டிலிருந்தே, முதலில் அரண்மனைத் தோட்டத்தில் ஆரம்பித்து, இதைப் பயிர் செய்கிறார்கள்.

சித்த மருத்துவர்களுக்கு இந்தச் செடி அந்நியமே இல்லை. பிரசவித்த பெண்களுக்குப் பால் சுரக்க நாம் கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிறதே, அதுவும் அஸ்பராகஸ் இனம்தான். நாம் வேரை மருந்தாக்கினோம். அவர்கள் தண்டை உணவாக்கினார்கள். ஒரே குடும்பம் என்பதால் குணமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது காய், அது மருந்து.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய ஒரு கட்டுப்பாடு. ஜூன் 24, புனித யோவான் திருநாள். அன்றோடு அறுவடையை நிறுத்திவிடுவது வழக்கம். அதற்கு மேல் வெட்டினால் செடி களைத்துப்போகும், அடுத்த வருடம் முளைக்காது. அதனால் சுமார் இரண்டு மாதம் ஆசை தீரச் சாப்பிடுகிறார்கள். பிறகு அடுத்த வருடம்வரை காத்திருக்கிறார்கள். மாம்பழத்தை வருடம் முழுக்கத் தேடும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்!

ஒரு சின்னத் தகவல். இதைச் சாப்பிட்டபின் சிலருக்குச் சிறுநீரில் ஒரு விநோத வாடை வரும். இதிலுள்ள கந்தகச் சத்து உடையும்போது வருவது அது. பயந்து டாக்டரிடம் ஓட வேண்டாம்.

தொலைந்து கிடைத்த பருப்பு

அடுத்து, ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஷ்வேபியா பகுதி. அங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். மேஜைக்கு வந்தது என்ன தெரியுமா? பருப்பு! முழுப் பருப்பை மசியாமல் வேகவைத்து, கேரட், வெங்காயம் போட்டு, கடைசியில் கொஞ்சம் வினிகர் விட்டு இறக்கியிருந்தார்கள். துணைக்கு 'ஷ்பெட்ஸ்லே' என்ற கோதுமைச் சேவை. அந்தச் சேவை மாவில் முட்டை உண்டு. எனக்காக அவித்த உருளைக்கிழங்கு வைத்தார்கள். வழக்கமாக இந்தப் பருப்பில் பன்றிக்கொழுப்பும் சாஸேஜும் சேரும். முன்கூட்டியே சொன்னதால் போடவில்லை.

புளிப்பும் பருப்பும் சேர்ந்தால் அது நம்ம சாம்பார்தானே! பெருங்காயம் மட்டும்தான் குறைச்சல்.

இந்தப் பருப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஷ்வேபிய மேட்டுநிலம் சுண்ணாம்புப் பாறை; மண் மெலிந்தது. அந்த வறண்ட நிலத்தில் பருப்புதான் நன்றாக வந்தது. கொடி சாயாமல் பிடித்துக்கொள்ள ஓட்ஸையோ பார்லியையோ கூடவே விதைப்பார்கள். நம் ஊடுபயிர் மாதிரி. வேலை அதிகம், வருமானம் கம்மி என்று கடந்த நூற்றாண்டில் எல்லோரும் கைவிட, அந்த ஊர் விதையே அழிந்துபோயிற்று. தேடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2006-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள வாவிலோவ் விதை வங்கியில் அந்தப் பழைய ரகங்கள் இருப்பது தெரியவந்தது. ஒரு கைப்பிடி விதையைக் கொண்டுவந்து பெருக்கி, இப்போது மறுபடி வயலில் விளைவிக்கிறார்கள்.

நம் ஊரில் நெல் ஜெயராமன் கிராமம் கிராமமாகப் போய்ப் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டாரே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

அதே பகுதியில் கூம்பு வடிவத்தில் ஒரு முட்டைக்கோஸ் விளைகிறது. மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து, வாரக்கணக்கில் ஜாடியில் புளிக்க வைத்தால் அதுதான் 'ஸவர்கிராட்'. இதில் வினிகர் கிடையாது. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாதான் இங்கேயும் வேலை செய்கிறது. வைட்டமின் சி நிறைய உண்டு. 18-ம் நூற்றாண்டில் கேப்டன் குக் தன் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வராமலிருக்கக் கப்பலில் பீப்பாய் பீப்பாயாக இதை ஏற்றிக்கொண்டு போனார்.

இதில் ஒரு விதை போடுகிறார்கள். 'கியூமெல்'. பார்க்கச் சீரகம் மாதிரி இருக்கும். நம் பெரியவர்கள் சீமைச்சோம்பு என்று சொன்னது இதைத்தான். முட்டைக்கோஸ் வாயு, அதை முறிக்க ஒரு வாசனை விதை. நாம் சீரகமும் பெருங்காயமும் சேர்க்கும் அதே கணக்கு! சொல்லிவைத்த மாதிரி இரண்டு நாட்டுப் பாட்டிகளும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

கேழ்வரகுக் கூழும் கறுப்பு ரொட்டியும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் கவனமாகப் படியுங்கள்.

வடமேற்கே வெஸ்ட்ஃபாலியா பகுதியில் ஹம் என்ற ஊர். அங்கே 2002-ல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள் எழுப்பிய கோயில். கோபுரத்தைப் பார்த்தால் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும்! அங்கே தரிசனம் முடித்து உட்கார்ந்திருந்தபோது, எழுபது வயது இருக்கும், ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பேச்சுக் கொடுத்தார். நான் சித்த வைத்தியன் என்றதும் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது.

"வந்த புதுசில நானும் சோறு சோறெண்டுதான் அழுதனான், தம்பி. பிறகு எனக்குச் சீனி வருத்தம் வந்திட்டுது. டொக்டர் கறுத்தப் பாண் சாப்பிடச் சொன்னவர். முதல் நாள் துப்பிப்போட்டன். இப்ப அது இல்லாமல் ஏலாது. தேங்காய்ச் சம்பலோட சாப்பிட்டுப் பாருங்கோ!"

பாண் என்றால் ரொட்டி. சீனி வருத்தம் என்றால் சர்க்கரை நோய். அவர் சொன்ன கறுத்தப் பாண்தான் வெஸ்ட்ஃபாலியாவின் 'பும்பர்நிக்கல்'. 'ரை' என்ற தானியத்தில் செய்வது. சில அகராதிகளில் 'ரை' என்றால் கம்பு என்று போட்டிருக்கும். அது தவறு. கம்பு வேறு, ரை வேறு. குளிரிலும் மணல் மண்ணிலும், கோதுமை சரியாக வராத இடத்திலும் விளையும் ஏழைகளின் தானியம் அது. நம் கேழ்வரகுக்கு அங்கே உள்ள சமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுமை அதோடு முடியவில்லை. ஆடி மாதம் நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்துத்தானே கூழ் காய்ச்சுகிறோம்? ரை மாவையும் புளிக்க வைத்துத்தான் ரொட்டி சுடுகிறார்கள். புளிக்காத ரை மாவைச் சுட்டால் உள்ளே பிசுபிசுவென்று நின்றுவிடும். பும்பர்நிக்கலில் ரை பெரும்பாலும் நொய்யாகவே இருக்கும். மூடிய பெட்டியில் வைத்து, மிதமான சூட்டில் குறைந்தது 16 மணி நேரம் வேகவைக்க வேண்டும் என்பது அங்கே உணவு விதி! அந்தக் கறுப்பு நிறமும் லேசான இனிப்பும் நீண்ட நேர வேக்காட்டில் வருபவை.

நொய்யும் தவிடுமாக இருப்பதால் மெல்லாமல் விழுங்க முடியாது. நார்ச்சத்து அதிகம். வெள்ளை ரொட்டியைப் போலச் சட்டென்று கரைந்து சர்க்கரையை ஏற்றாது. மலச்சிக்கலுக்கும் நல்லது. அதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. இரண்டு மெல்லிய துண்டு ஒரு வேளைக்குப் போதும்.

ஜெர்மனியில் பதிவான ரொட்டி வகைகள் மட்டும் 3,000-க்கும் மேல். அதில் எதை வாங்குவது? பழுப்பாக இருப்பதெல்லாம் முழுதானிய ரொட்டி இல்லை. மால்ட் சேர்த்து நிறம் ஏற்றியதாகவும் இருக்கலாம். 'ஃபோல்கோர்ன்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயர் போட்டால் தானியத்தில் 90 சதவிகிதமாவது முழுதானியமாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கு.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "குளிருக்க ஒரு கீரை வரும், குறூன்கோல் எண்டு. உறைபனி விழுந்தாப் பிறகுதான் அது ருசி. தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தா முருங்கையிலை வறை தோத்துப்போகும்!" வறை என்பது யாழ்ப்பாணத்தில் நம் பொரியல் மாதிரி. அந்த மண்ணில் விளைந்த கீரை, நம் கைப்பக்குவம். சூட்கேஸில் அடைத்துக்கொண்டு போக வேண்டியது கீரை இல்லை, பக்குவம்தான் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

ஆளிவிதையும் மிளகு ரொட்டியும்

கடைசியாகக் கிழக்கே, பெர்லினுக்குத் தெற்கே லவுசிட்ஸ் பகுதி. ஸ்ப்ரே நதி நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடும் ஊர். படகில் போய் இறங்கினால் ஒரு தட்டில் மூன்றே பொருள். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, 'குவார்க்' என்கிற நீர் வடித்த கெட்டித் தயிர் போன்ற ஒன்று, மேலே பொன்னிறத்தில் ஆளிவிதை எண்ணெய்.

கட்டிகள் பழுக்க ஆளிவிதையை அரைத்து வைத்துக் கட்டுவது நம் வைத்தியம். அவர்கள் அதைத் தினசரி உணவாகவே வைத்திருக்கிறார்கள். ஒமேகா-3 வகைக் கொழுப்பு இதில் ஏராளம். ஆனால் சீக்கிரம் சிக்கடித்துவிடும். அதனால் சின்னப் பாட்டிலாக வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, சில வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். தாளிக்க, பொரிக்கக் கூடாது. பச்சையாக மேலே ஊற்றுவதுதான் முறை.

இதே பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1558-லிருந்தே அங்கே 'ஃபெஃபர்கூகன்' சுடுகிறார்கள். நேரடி அர்த்தம், மிளகு ரொட்டி. தேன் அல்லது பாகில் மாவைப் பிசைந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஊற வைத்து, பிறகு லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம் போன்ற வாசனைப் பொருள் சேர்த்துச் சுடுவது. மிளகு ரொட்டி என்கிறார்களே, மிளகைக் காணோமே என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த எல்லா வாசனைப் பொருளுக்கும் பொதுப் பெயர் 'மிளகு'தானாம்! நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டிப் போன சரக்கு, அந்த ஊரின் பலகாரத்துக்கே பெயராகிவிட்டது.

இதே புல்ஸ்னிட்ஸில் 1682-ல் பிறந்தவர்தான் சீகன்பால்கு! 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, தமிழில் அச்சடித்த அதே பாதிரியார். அவரோடு பணியாற்றிய கிருண்ட்லர் என்பவர், இங்குள்ள தமிழ் வைத்தியத்தைப் பற்றி 1711-ல் ஒரு தனி நூலே எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். 300 வருடம் முன்பு, கடல் கடந்து வந்த மனிதர்கள், நம் மண்ணின் மருந்தைப் பற்றி உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். நானோ, விமானத்தில் போகும் வசதி உள்ள காலத்தில், அவர்கள் மண்ணின் சாப்பாட்டைப் பார்க்காமலே 'தொடாதீங்க' என்று சொல்லிவிட்டேன்!

எல்லாமே நல்லதா?

இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பதப்படுத்திய சாஸேஜ் வகைகள் அங்கே மிக அதிகம். உப்பும் கொழுப்பும் நிறைந்தவை. தினம் சாப்பிடுவது குடலுக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை. ஸவர்கிராட்டிலும் ஊறுகாய் வெள்ளரியிலும் உப்பு கூடுதல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகத்தான் எடுக்க வேண்டும். சாயங்காலக் காபியோடு கேக் என்பது அங்கே ஒரு சம்பிரதாயம். சர்க்கரை உள்ளவர்கள் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிளகு ரொட்டியும் இனிப்புப் பலகாரம்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு ரையும் ஆகாது.

நாம் பின்பற்ற ஒன்று உண்டு. மதியம்தான் சூடான பெரிய சாப்பாடு. மாலை ஆறு, ஏழு மணிக்குள் ரொட்டி, தக்காளி, வெள்ளரியோடு எளிய இரவு உணவு என்பது அவர்களுடைய பழைய வழக்கம். ராத்திரி ஒன்பதரைக்குச் சோறும் குழம்புமாக உட்காரும் நம் வீடுகளில் இதை முயன்று பார்க்கலாமே!

மறுபடி அதே நாற்காலியில்...

ஊர் திரும்பியதும் அந்த அம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினேன். "போன தடவை நான் சொன்னது தப்பும்மா" என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார். டாக்டர்கள் இப்படிச் சொல்லிக் கேட்ட பழக்கம் இல்லை போலிருக்கிறது!

பேரனின் ஆண்டு நிறைவுக்கு மறுபடி போகிறார் என்றார். இந்த முறை நான் எழுதிக் கொடுத்தது: காலையில் முழு ரை ரொட்டி இரண்டு துண்டு, மதியம் கொஞ்சம் சோறு, நிறையப் பருப்பு, அங்கே விற்கும் ஏதாவது ஒரு கீரை, இருட்டும் முன் இரவுச் சாப்பாடு, தினம் முக்கால் மணி நேர நடை. சர்க்கரை மாத்திரையை அவருடைய மருத்துவர் சொன்னபடி ஒரு வேளைகூட விடக் கூடாது.

திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. சர்க்கரை ஏறவில்லை; மாத்திரை அளவும் அப்படியே. இது ரொட்டி மட்டும் செய்த வேலை இல்லை. நடையும் நேரத்துச் சாப்பாடும் சேர்ந்து செய்தது.

கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். சீமைச்சோம்பு!

"இதைப் போட்டுத்தான் டாக்டர் இப்போ எங்க வீட்ல கோஸ் பொரியல். அவருக்குக்கூட வாயுத் தொந்தரவு இல்லை!"

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்...

* இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களும் மாமிசமும் கொண்டுபோக ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை. கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பொடி வகைகள், உலர்ந்த மசாலா போதும்.

* சைவர்கள் மூன்று வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். 'வெகெடாரிஷ்' என்றால் சைவம். 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் மாமிசம் இல்லாமல். 'ஓனே ஷ்பெக்' என்றால் பன்றிக்கொழுப்பு இல்லாமல். மூன்றாவது மிக முக்கியம். பருப்பிலும் முட்டைக்கோஸிலும்கூட அதைப் போடுவார்கள்.

* சில தயிர் வகைகளிலும் மிட்டாய்களிலும் ஜெலட்டின் இருக்கும். லேபிளைப் பாருங்கள்.

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காய்கறி, ரொட்டி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

* குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஹோட்டலில் தண்ணீர் கேட்டால் பல இடங்களில் சோடாதான் வரும். 'ஸ்டில்' என்று சொல்லிக் கேளுங்கள்.

* வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரை, முட்டைக்கோஸ் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. உங்கள் டாக்டரிடம் முதலில் பேசுங்கள்.

* மாத்திரைகளைத் தேவையான நாளுக்குமேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சித்த மருந்து சாப்பிடுபவர்கள், எதைக் கொண்டுபோகலாம் என்று உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் பர்ப்பம், செந்தூரம் எதையும் பெட்டியில் போடாதீர்கள்.